மங்குக்கு லேசர் சிகிச்சை: எட்டு அமர்வுகளுக்கு ஒப்புக்கொள்ளும் முன் சில ஐயங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. மாநிறத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கறுத்த தோல். இரண்டாவது முறை கருவுற்றிருந்தபோது, ஆறாம் மாதம் வாக்கில், இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் பழுப்புத் திட்டுகள் படர்ந்தன. மங்கு என்றும், பிள்ளை பிறந்ததும் தானாகப் போய்விடும் என்றும் பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளைக்கு இப்போது ஆறு வயதாகிறது; திட்டுகள் போகவில்லை. வெயிலில் அலைந்து திரும்பிய நாட்களில் அவை இன்னும் அடர்த்தியாகத் தெரிகின்றன. இவை போதாதென்று, தாடையோரத்தில் பழைய பருக்கள் விட்டுச்சென்ற கரும்புள்ளிகளும், இடது நெற்றிப்பொட்டின் அருகே மிளகளவு அடர்பழுப்புப் புள்ளி ஒன்றும் இருக்கின்றன. அந்தப் புள்ளி தோன்றி இரண்டு ஆண்டுகள் இருக்கும்.

சென்ற ஆண்டு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த களிம்பை நான்கு மாதங்கள் தடவினேன். மூன்றே வாரங்களில் முகம் தெளிந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. களிம்பு தீர்ந்து பத்து நாட்களுக்குள் முகம் சிவந்து எரியத் தொடங்கியது, சிறு சிறு பருக்கள் கிளம்பின, திட்டுகள் முன்பைவிடக் கறுத்துத் திரும்பின. அந்தக் குப்பியில் உட்பொருள்களின் பட்டியலே இல்லை என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

போன வாரம் தோல் அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். என்னைப் பார்த்தவர் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எட்டு அமர்வுகள் லேசர் செய்துகொண்டால் எல்லாம் மறைந்துவிடும், பிறகு திரும்பி வரவே வராது என்று உறுதி கூறினார். அன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். நான் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்துவிட்டேன்.

என் மகள் சில நாட்களுக்கு முன் என்னை வரைந்து காட்டினாள். கண், மூக்கு, பின்னல் எல்லாம் போட்டுவிட்டு, இரண்டு கன்னங்களிலும் பழுப்பு வண்ணத்தை அழுத்தித் தீட்டியிருந்தாள். அன்போடுதான் வரைந்தாள். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் முகத்தில் உள்ள மூன்று விதமான கருமைக்கும் ஒரே லேசர் போதுமா, என் போன்ற கறுத்த தோலை அது சுட்டுவிடுமா, திரும்பி வராது என்ற வாக்குறுதியை நம்பலாமா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (தோல் மருத்துவர்)

வணக்கம் அம்மா. தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். முன்பணம் கட்டாமல் வந்துவிட்டீர்கள் என்பது எனக்கு நிம்மதி அளித்தது. லேசர் நல்ல கருவிதான். நானே அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் தங்கள் முகத்தில் இருப்பது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். மூன்றையும் கருமை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கி ஒரே கருவியால் தீர்க்கப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

தோலின் மேலடுக்கினுடைய அடித்தளத்தில் மெலனோசைட் என்னும் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறமியை மெலனோசோம் எனப்படும் நுண்பைகளில் நிரப்பி, கிளைகள் போன்ற தம் நீட்சிகளின் வழியாகச் சுற்றிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட தோல் உயிரணுக்களுக்கு வழங்குகின்றன. சிவந்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இந்த நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. நுண்பைகளின் அளவும், எண்ணிக்கையும், அவை பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன.

லேசர் குறிவைப்பது இந்த நுண்பைகளைத்தான். தியோடர் மைமன் 1960-இல் முதல் ரூபி லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளிலேயே லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் பயன்படுத்திப் பார்த்தார். ஆயினும், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் நிறமியை மட்டும் சிதைப்பதற்கான அடிப்படையை ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் 1983-இல்தான் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு மைக்ரோமீட்டர் அளவோ அதற்கும் சிறியதோ ஆன மெலனோசோம், தான் வாங்கிய வெப்பத்தை ஒரு மைக்ரோ வினாடிக்குள் பக்கத்தில் இறக்கிவிடும். ஆகவே அந்த வெப்பம் பரவத் தொடங்கும் முன்பே ஒளி நின்றுவிட வேண்டும். அதற்காகவே சில நானோ வினாடிகள் மட்டும் நீடிக்கும் துடிப்புகளாக ஒளியைச் செலுத்தும் கியூ சுவிட்ச்டு லேசர்கள் வந்தன. இப்போதுள்ள பிகோ லேசர்களில் ஒரு துடிப்பு ஒரு நானோ வினாடிகூட நீடிப்பதில்லை.

தங்களுடைய இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. திட்டில் உள்ள மெலனினும் இயல்பான தோலில் உள்ள மெலனினும் ஒன்றே. ஒளிக்கு வேறுபாடு தெரியாது. கறுத்த தோலில் மேலடுக்கு முழுவதும் மெலனின் நிறைந்திருப்பதால், திட்டுக்குச் செல்ல வேண்டிய ஆற்றலை அது வழியிலேயே உறிஞ்சிச் சூடாகிவிடுகிறது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியை மெலனின் மிக வலுவாக உறிஞ்சும். அது ஆழமாகச் செல்லாது. 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் அது ஆழம்வரை இறங்கும், கறுத்த தோலுக்குப் பாதுகாப்பும் கூடுதல். எனவே லேசர் என்று மட்டும் சொல்வது போதாது. எந்த அலைநீளம், எவ்வளவு ஆற்றல், எத்தனை வார இடைவெளி என்று கேட்க வேண்டும். தோலில் நிறமே இழந்த வெண்புள்ளி நோய்க்கும்கூட 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் பயன்படுகிறது. அங்கே அது நிறமியை வரவழைக்கிறது. இங்கே வேறொரு லேசரால் நிறமியைக் கலைக்கப் பார்க்கிறோம்.

இனி தங்கள் முகத்துக்கு வருகிறேன். நெற்றிப்பொட்டருகே உள்ள புள்ளியை முதலில் டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியின் வழியாக ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அது வெயிலால் வந்த சாதாரணப் புள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் மூன்றிலும் லேசருக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது அதுவே. ஆனால் அது வளர்ந்துகொண்டிருந்தாலோ, விளிம்பு ஒழுங்கற்றிருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் கலந்திருந்தாலோ, லேசர் படக்கூடாது. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். தோல் புற்றுநோயின் மேற்பரப்பு நிறத்தை லேசரால் அழித்துவிட்டால், நோய் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும், நம் கண்ணுக்கு மட்டும் மறைந்திருக்கும். முகத்தைத் தொடாமலேயே எட்டு அமர்வுகளைப் பரிந்துரைத்தவர் இந்தப் புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதே என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

தாடையோரக் கரும்புள்ளிகள் பரு ஆறிய தழும்பின் நிறம். புதிய பருக்கள் வராமல் பார்த்துக்கொண்டால் அவை மாதக்கணக்கில் மெல்ல வெளிறும். அசெலாயிக் அமிலமோ ரெட்டினாய்டு களிம்போ அதை விரைவுபடுத்தும். இவற்றுக்கு லேசர் பெரும்பாலும் தேவைப்படாது.

மங்குதான் கடினமானது. அதில் நிறமி தேங்கியிருப்பது வெளியே தெரியும் பாதி மட்டுமே. நிறமி உயிரணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்ட நிலையில் இருக்கின்றன. மேலடுக்கையும் உள்ளடுக்கையும் பிரிக்கும் சவ்வு சிதைந்திருக்கிறது. அந்த இடத்தில் இரத்த நுண்குழாய்களும் கூடியிருக்கின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெப்பம், பெண்மை இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்), பரம்பரை ஆகிய அனைத்தும் அதைத் தூண்டுகின்றன. கிடங்கில் உள்ள சரக்கை லேசர் உடைத்துவிடலாம், உற்பத்தி நிற்காது. போதாக்குறைக்கு, லேசரின் வெப்பமே அந்த உற்பத்தியை முடுக்கிவிட்டு, சிகிச்சைக்கு முன் இருந்ததைவிடக் கறுப்பாக்கிவிடவும் கூடும். ஆகவே மங்கு திரும்பி வராது என்று எந்த மருத்துவராலும் உறுதி தர முடியாது. அடக்கி வைக்கலாம், பெருமளவு மங்கச் செய்யலாம். தொடர்ந்து பேண வேண்டிய நிலை அது.

தாங்கள் தடவிய களிம்பில் வீரியமான ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று, நிறுத்திய பின் நேர்ந்தவற்றைக் கொண்டு ஊகிக்கிறேன். உட்பொருள் பட்டியல் இல்லாத வெண்மைக் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் கண்டறியப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. குப்பி இன்னும் இருந்தால் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சிவப்பும் எரிச்சலும் முழுதாக அடங்காத தோலில் நான் லேசரைத் தொடவே மாட்டேன்.

வழக்கமாக நாங்கள் செல்லும் வரிசை இது. முதலில் வெயில் தடுப்பு. கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனே ஏற்றது. அடுத்து, ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.05 சதவீதம், மென்மையான ஸ்டீராய்டான ஃபுளூசினோலோன் 0.01 சதவீதம் ஆகியவை சேர்ந்த மூவகைக் களிம்பு, பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில். இதைத் தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் தடவுபவர்களுக்கு ஹைட்ரோகுவினோனாலேயே நீலம் கலந்த கருமை படிந்துவிடுவதுண்டு. அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். ஸ்டீராய்டால் ஏற்கெனவே புண்பட்ட தங்கள் தோலுக்கு இந்தக் களிம்பே இப்போதைக்குப் பொருந்தாமல் போகலாம்; அசெலாயிக் அமிலத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. சிலருக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரை தருகிறோம். இவையெல்லாம் போதாதபோது, குறைந்த ஆற்றலில், துணைச் சிகிச்சையாக மட்டுமே லேசர் வரும்.

மறுமொழி 2

சகோதரி, மருத்துவர் எழுதியவற்றுக்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்கு நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் ஆண். ஆண்களுக்கும் மங்கு வரும் என்பதே எனக்கு வந்த பிறகுதான் தெரியும். நில அளவைப் பணியில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். பகல் முழுவதும் வெட்டவெளியில்தான் வேலை.

லேசர் டோனிங் என்ற பெயரில், 1064 நானோமீட்டர் கருவியால், வாரம் ஒரு முறை என 10 அமர்வுகள் செய்துகொண்டேன். வலி இல்லை, புண் இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம். நான்காவது அமர்வுக்குப் பிறகு முகம் நன்றாகத் தெளிந்தது. வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சியில், சன்ஸ்கிரீனைக் காலையில் ஒரு முறை மட்டும் பேருக்குத் தடவிக்கொண்டு, நண்பகல் வெயிலில் நின்றேன். யாரும் தடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டாவது அமர்வு முடிந்த வாரத்தில் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்கப் போயிருந்தேன். விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த ஒளிப்படக்காரர், என் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதாக எண்ணி, துடைத்துக்கொள்ளுமாறு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். துடைத்தேன், போகவில்லை. வீட்டுக்கு வந்து சன்னலருகே கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கன்னத்தில் கடுகளவில் வெள்ளைப் புள்ளிகள், பழுப்புத் திட்டின் நடுவிலும் ஓரத்திலும், தெளித்துவிட்டதுபோல் இருந்தன. சிகிச்சை நிலையத்தில் கேட்டதற்கு, அவை தானாகச் சரியாகிவிடும், பணம் கட்டிய மீதி அமர்வுகளை விட்டுவிட வேண்டாம் என்றார்கள். நானும் இன்னும் இரண்டைச் செய்துகொண்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நிறுத்திய மூன்றாம் மாதத்தில் மங்கு முழுவதுமாகத் திரும்பி வந்தது. இப்போது கருமையும் இருக்கிறது, அதற்குள் வெண்மையும் இருக்கிறது. பிறகு பார்த்த தோல் மருத்துவர், மிகக் குறுகிய இடைவெளியில் பல அமர்வுகள் செய்தால் ஆற்றல் சேர்ந்து சேர்ந்து நிறமி உயிரணுக்களே செயலிழந்துவிடும் என்று விளக்கினார். முதல் வெண்புள்ளியைக் கண்டதுமே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாதிக்கு மேல் நிறம் திரும்பிவிட்டது. இடது கன்னத்தில் ஐந்து புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

இப்போது அகன்ற விளிம்புள்ள தொப்பியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சன்ஸ்கிரீனும், மருத்துவர் தந்த அசெலாயிக் அமிலக் களிம்பும்தான். இந்த ஒரு ஆண்டில் மங்கு ஏறக்குறைய பாதியாக வெளிறியிருக்கிறது. லேசரில் நான் பெற்ற தெளிவைவிட இது மெதுவானது, ஆனால் நின்றிருக்கிறது.

மறுமொழி 3 (லேசர் அறையில் பணிபுரியும் செவிலியர்)

வணக்கம் அக்கா. பதினோரு ஆண்டுகளாக ஒரு தோல் மருத்துவரின் லேசர் அறையில் உதவியாளராக இருக்கிறேன். என்றாவது ஒரு நாள் அந்தப் புள்ளிக்காவது தாங்கள் லேசர் செய்துகொள்ள நேரலாம். அன்று அந்த அறையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லலாம் என நினைக்கிறேன்.

படுத்ததும் முதலில் கண்ணைப் பாருங்கள். அதாவது, தங்கள் கண்ணை மூட என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். விழித்திரையிலும் மெலனின் இருக்கிறது. தோலில் உள்ள மெலனினைச் சிதைக்கும் ஒளி அதையும் சிதைக்கும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால் இமைத்துத் தப்பிக்கவும் முடியாது. அறையில் உள்ள ஒவ்வொருவரும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியை அணிந்திருக்க வேண்டும், தங்களுக்கு ஒளி புகாத மூடி வைத்திருக்க வேண்டும். கையால் கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஒவ்வொரு துடிப்பும் ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டதுபோல் சுரீர் என்று இருக்கும். மெல்லிய வெடிப்பொலி கேட்கும். மீசை மயிர் படும் இடத்தில் கருகிய வாடை வரும். புள்ளிக்குச் செய்யும்போது, அடித்த சில நொடிகளில் அந்த இடம் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும், அரை மணி நேரத்துக்குள் அடங்கும். மருத்துவர் எதிர்பார்ப்பது அந்த வெளுப்பைத்தான். ஆனால் மங்குக்குக் குறைந்த ஆற்றலில் செய்யும்போது அப்படி வெளுக்கவே கூடாது, இலேசாகச் சிவந்தால் போதும். அங்கே வெளுத்தால் ஆற்றல் கூடிவிட்டது என்று பொருள்.

எங்கள் மருத்துவர், கறுத்த தோல் உள்ளவர்களுக்குச் சோதனைப் புள்ளி வைக்காமல் தொடங்குவதே இல்லை. காதின் முன்புறமோ தாடையின் அடியிலோ, மறைவான ஓரிடத்தில் சிறு பகுதிக்கு மட்டும் செய்து, 4 முதல் 8 வாரங்கள் காத்திருப்பார். வந்தவர்களில் பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் லேசர் பட்டதால் வரும் கருமை மறுநாளே தெரியாது. பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தெளிந்த இடம், மூன்றாம் வாரம் நான்காம் வாரத்தில் கறுக்கத் தொடங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நகத்தளவு இடத்தில் அது தெரிந்துவிட்டால் முகம் முழுவதும் தப்பிக்கும்.

பின்பராமரிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: பொருக்கைக் கிள்ளாதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் அதுவாக உதிரும். தூக்கத்தில் கை போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு நாங்கள் வாசலின் தடவிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு அனுப்புவோம். உதடோரத்தில் அக்கிக் கொப்புளம் முன்பு வந்ததுண்டு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அக்கா. லேசர் அதை மீண்டும் கிளப்பிவிடும். தடுப்பு மாத்திரையை முன்னதாகவே தருவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா, தாங்கள் சொன்னபடியே அந்த நிலையத்தை விட்டுவிட்டு, தோல் மருத்துவம் படித்த வேறொருவரிடம் சென்றேன். விளக்கை அணைத்துவிட்டு, ஊதா நிறத்தில் ஒளிரும் உட்ஸ் விளக்கு ஒன்றை முகத்தருகே பிடித்து, கண்ணாடியில் எனக்கும் காட்டினார். கன்னத்தின் மேற்பகுதித் திட்டுகள் அந்த ஒளியில் இன்னும் பளிச்செனத் தெரிந்தன. மூக்கருகே இருந்தவை வேறுபாடே காட்டவில்லை. முன்னது மேலடுக்கில் இருக்கிறது, பின்னது ஆழத்திலும் இறங்கியிருக்கிறது, இரண்டும் கலந்த மங்கு என்றார். என் போன்ற கறுத்த தோலில் இந்த விளக்கை முழுவதும் நம்ப முடியாது என்றும் சொன்னார். நெற்றிப்பொட்டுப் புள்ளியை டெர்மோஸ்கோப்பில் நீண்ட நேரம் பார்த்தார். வெயில் புள்ளிதான், அஞ்ச வேண்டாம், ஆயினும் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் ஒப்பிடலாம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான், இரண்டு ஆண்டுகளாக அதைப் பற்றி எனக்குள் ஓர் அச்சம் இருந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

களிம்புக் குப்பியைப் பார்த்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு லேசரும் வேண்டாம், மூவகைக் களிம்பும் வேண்டாம், வாசனையற்ற ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்கிரீனும் அசெலாயிக் அமிலமும் போதும் என்றார். அடுத்த சந்திப்பில் டிரானெக்சாமிக் அமில மாத்திரையைத் தொடங்கலாமா என்று பார்ப்பதாகவும் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் அங்கே கேட்க மறந்துவிட்டேன். பகலில் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். கணினியை வைத்துக்கொண்டு சன்னலருகே அமர்ந்து வேலை செய்கிறேன். கண்ணாடிக் கதவு மூடியிருக்கும். அப்போதும் சன்ஸ்கிரீன் தேவையா? அடுத்து, பிள்ளை பிறந்த மறு ஆண்டிலிருந்து கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மங்கு மறையாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமா? இதை மருத்துவரிடம் சொல்லத் தோன்றவில்லை. மகப்பேறு மருத்துவர் கொடுத்தது, தோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்தேன்.

மறுமொழி 4 (தோல் மருத்துவர்)

நல்ல மருத்துவரிடம் சென்றிருக்கிறீர்கள், அம்மா. படம் எடுத்து வைத்துக்கொண்டது மிகச் சரி.

புற ஊதாக் கதிரில் யுவிஏ, யுவிபி என இரு வகைகள் உண்டு. சன்னல் கண்ணாடி, தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யுவிஏ கதிரில் பெரும்பகுதியும், கண்ணுக்குத் தெரியும் ஒளி அனைத்தும் அதன் வழியே உள்ளே வரும். மங்கைத் தூண்ட அவை போதும். எனவே சன்னலருகே அமரும் நாட்களில் சன்ஸ்கிரீன் கட்டாயம். முடிந்தால் மேசையைச் சற்று உள்ளே தள்ளிப் போடுங்கள், அல்லது தடித்த திரையிடுங்கள். கணினித் திரையின் ஒளியைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். சன்னல் வழியே வரும் பகலொளியோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். அளவிலும் கருத்தாக இருங்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளந்துதான், சன்ஸ்கிரீனின் காப்புத் திறனைக் காட்டும் எஸ்பிஎஃப் எண்ணைக் குறிக்கிறார்கள். பெரும்பாலோர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும்.

இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியமானது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் கலந்த கருத்தடை மாத்திரை மங்கைத் தூண்டும், அதைத் தொடர்ந்து நிலைக்கவும் வைக்கும். ஆறு ஆண்டுகளாக அது மறையாததில் இந்த மாத்திரைக்குப் பெரும் பங்கு இருக்கலாம். ஆனால் அதைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். இயக்குநீர் இல்லாத வேறு முறைக்கு மாற முடியுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மாறிய பிறகும் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுவதும் மறையாமலும் போகலாம்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. டிரானெக்சாமிக் அமிலம் இரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ இரத்தம் உறையும் போக்கைக் கூட்டுவது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் கால் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தாங்கள் சொல்லாதவரை தங்கள் தோல் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல், நாளையே அவருடைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த மாத்திரையின் பெயரையும், குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியதுண்டா என்பதையும் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்.